ஆற்றல்துறை வழங்கல் சங்கிலியின் கணினிப் பாதுகாப்பு

ஆற்றல்துறை வழங்கல் சங்கிலியின் கணினிப் பாதுகாப்பு என்பது மின்சாரம், எரிவளி, எண்ணெய், குழாய்வழி வெந்நீர் போன்றவற்றை உற்பத்தி செய்து பகிரும் நிறுவனங்கள், தாம் விலைக்கு வாங்கும் கருவிகள், மென்பொருட்கள், சேவைகள் ஆகியவற்றின் வழியாக வரக்கூடிய கணினித் தாக்குதல்களை எதிர்கொள்ளும் முறைகளைக் குறிக்கும். இங்கு தாக்குபவர் நேரடியாக மின்நிறுவனத்தின் கதவைத் தட்டுவதில்லை. அந்நிறுவனம் ஏற்கனவே நம்பி உள்ளே அனுமதித்துள்ள ஒரு பொருளின் வழியாக நுழைகிறார். இத்தகைய நுழைவைத் தனியொரு நிறுவனம் தன் முயற்சியால் மட்டும் கண்டறிவது அரிது. ஆகையால் மின்நிறுவனங்கள், கருவி உற்பத்தியாளர்கள், ஒப்பந்ததாரர்கள், அரசு ஆய்வகங்கள், ஒழுங்குமுறை அமைப்புகள் ஆகியவற்றின் கூட்டுழைப்பு இத்துறையில் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளது.

பின்னணி

ஒரு துணைமின் நிலையத்தில் வெளியே தெரிபவை மின்மாற்றிகளும் சுற்று முறிப்பான்களும் மின்கம்பிகளும் ஆகும். இவற்றை இயக்குபவை கட்டுப்பாட்டு அறையில் உள்ள காப்பு ரிலேக்கள், தொலை முனையக் கருவிகள், திசைவிகள், தீச்சுவர்கள், ஸ்காடா கணினிகள் ஆகியன. இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுவனத்தின் தயாரிப்பாக இருக்கலாம். ஒரு காப்பு ரிலேயைத் திறந்து பார்த்தால் அதன் இயங்குதளம் ஒரு நிறுவனத்துடையது, தொடர்பு நெறிமுறை நிரல் மற்றொரு நிறுவனத்துடையது, குறியாக்க நிரல் தன்னார்வலர்கள் எழுதிய திறந்த மூல நிரல் என்ற நிலையே பெரும்பாலும் காணப்படும். ரிலேயை விற்கும் நிறுவனத்துக்கே சில வேளைகளில் இவை அனைத்தின் முழுப் பட்டியல் கைவசம் இருப்பதில்லை.

அலுவலகக் கணினிகளில் இருந்து இக்கருவிகள் மேலும் இரு வகையில் வேறுபடுகின்றன. முதலாவது, இவற்றின் ஆயுள். ஒரு ரிலே பொருத்தப்பட்டபின் பதினைந்து அல்லது இருபது ஆண்டுகள் பணியில் இருப்பது வழக்கம். அதற்குள் அதன் உள்ளே உள்ள மென்பொருளுக்கான ஆதரவு நின்றுபோயிருக்கும். இரண்டாவது, இற்றைப்படுத்தல். புதிய மென்பொருளை ஏற்றுவதற்குப் பெரும்பாலும் அந்த மின்தொடரை நிறுத்த வேண்டியுள்ளது. அதற்கு முன்கூட்டியே அனுமதி பெறவேண்டும். ஏற்றியபின் ரிலேயை மீண்டும் சோதிக்கவும் வேண்டும்.

இவற்றைவிட அடிப்படையான சிக்கல், தேவையான அறிவு ஓரிடத்தில் இல்லாமையாகும். கருவியின் உள்ளே என்ன உள்ளது என்பது உற்பத்தியாளருக்குத் தெரியும். ஆனால் அக்கருவி எந்த ஊரின் எந்த மின்தொடரைக் காக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. மின்நிறுவனத்துக்கு இடம் தெரியும், உள்ளடக்கம் தெரியாது. இரண்டையும் இணைத்துப் பொருத்தி, கடவுச்சொல்லையும் அமைத்த ஒப்பந்ததாரர் பணி முடிந்ததும் அடுத்த ஊருக்குச் சென்றுவிடுகிறார். ஒரு பாதுகாப்பு ஓட்டை வெளிப்படும் நாளில் இம்மூவரும் பேசிக்கொண்டால் மட்டுமே ஆபத்து எங்குள்ளது என்பது புலப்படும்.

அறியப்பட்ட நிகழ்வுகள்

ஹேவெக்ஸ் (2013–2014)

டிராகன்பிளை எனப் பெயரிடப்பட்ட குழு ஒன்று, தொழிலகக் கட்டுப்பாட்டு மென்பொருட்களை வெளியிடும் மூன்று ஐரோப்பிய நிறுவனங்களின் வலைத்தளங்களுக்குள் நுழைந்து, அங்கிருந்த நிறுவல் கோப்புகளில் ஹேவெக்ஸ் என்னும் தீம்பொருளைச் சேர்த்து வைத்தது. பொறியாளர்கள் வழக்கம்போல் உற்பத்தியாளரின் சொந்தத் தளத்தில் இருந்தே பதிவிறக்கினர். இதனை 2014 ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய சைமாண்டெக் நிறுவனத்தின் அறிக்கைப்படி, முதல் உற்பத்தியாளர் விரைவில் கண்டறிந்த போதிலும் அதற்குள் அக்கோப்பு 250 முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. இரண்டாவது நிறுவனத்தின் தளத்தில் கெட்ட கோப்பு குறைந்தது ஆறு கிழமைகள் இருந்தது. மூன்றாவது நிறுவனம் காற்றாலைகள், உயிரி எரிவளி ஆலைகள் ஆகியவற்றுக்கான மேலாண்மை அமைப்புகளை உருவாக்குவதாகும். ஹேவெக்ஸின் ஒரு பகுதி, உள்ளே நுழைந்த வலையமைப்பில் எந்தக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உள்ளன என்று தேடிப் பட்டியலிட்டது. உருசியக் கூட்டாட்சிப் பாதுகாப்புப் பணியைச் சேர்ந்த மூவர் மீது இது தொடர்பாகச் சாட்டப்பட்ட குற்றப்பத்திரிகையை அமெரிக்க நீதித்துறை 2022 மார்ச்சில் வெளியிட்டது.

நாட்பெட்யா (2017)

2017 சூன் 27 அன்று உக்ரைனில் பரவிய இத்தீம்பொருள், அந்நாட்டில் வரிக்கணக்குக்குப் பரவலாகப் பயன்பட்ட எம்.இ.டாக் மென்பொருளின் இற்றைப்படுத்தல் வழியாக வந்தது. மின்நிறுவனங்களும் பாதிக்கப்பட்டன. செர்னோபில் வளாகத்தில் கதிர்வீச்சுக் கண்காணிப்பைப் பணியாளர்கள் கையால் செய்யவேண்டி வந்தது. கணக்குப் பிரிவின் மென்பொருளை ஆற்றல்துறையின் வழங்கல் சங்கிலியில் ஒருவரும் எண்ணிப் பார்ப்பதில்லை என்பதே இந்நிகழ்வைக் குறிப்பிடத்தக்கதாக்குகிறது.

சோலார்விண்ட்ஸ் (2020)

வலையமைப்பு மேலாண்மைக்கான ஓரியன் மென்பொருளின் முறையான, கையொப்பமிடப்பட்ட இற்றைப்படுத்தலிலேயே தீநிரல் சேர்க்கப்பட்டிருந்தது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்கள் அதனைப் பெற்றனர். வட அமெரிக்க மின் நம்பகத்தன்மை அமைப்பு (நெர்க்) விசாரித்த மின்நிறுவனங்களில் கால்பங்கு அளவினவற்றில் இம்மென்பொருள் நிறுவப்பட்டிருந்தது. தாக்குதல் வெளிப்பட்டது, தானே பாதிக்கப்பட்ட ஃபயர்ஐ என்னும் பாதுகாப்பு நிறுவனம் அதனை மறைக்காமல் 2020 டிசம்பரில் அறிவித்ததனால் ஆகும்.

வியாசாட் (2022)

2022 பெப்ரவரி 24 அன்று உக்ரைன் போர் தொடங்கிய வேளையில் வியாசாட் நிறுவனத்தின் செயற்கைக்கோள் மோடங்கள் முடக்கப்பட்டன. இதனால் நடு ஐரோப்பாவில் எனர்கான் நிறுவனத்தின் 5,800 காற்றாலைகளுக்கான தொலைக் கண்காணிப்பு அறுந்தது. இவற்றின் மொத்தத் திறன் 11 கிகாவாட். காற்றாலைகள் தாமாகவே தொடர்ந்து இயங்கின. ஆனால் தொலைவில் இருந்து அவற்றைக் காணவோ சரிசெய்யவோ இயலவில்லை. தாக்கப்பட்டது ஆற்றல் நிறுவனம் அன்று, அதன் தொடர்புச் சேவையாளரே.

டென்மார்க், மே 2023

கூட்டுழைப்பு இருந்ததன் பயனையும், அது எட்டாத இடங்களில் நேர்ந்ததையும் ஒருங்கே காட்டுவது டென்மார்க் நிகழ்வாகும். அந்நாட்டின் மின்பகிர்வும் வெந்நீர்ப் பகிர்வும் பெரிதும் ஊர் அளவிலான சிறு நிறுவனங்களிடமும் கூட்டுறவுகளிடமும் உள்ளன. கணினிப் பாதுகாப்புக்கெனத் தனிப் பிரிவை வைத்துக்கொள்ள இவற்றுள் பலவற்றால் இயலாது. எனவே துறை நிறுவனங்களே செக்டர்செர்ட் என்ற இலாப நோக்கற்ற அமைப்பைக் கூட்டாக நடத்துகின்றன. உறுப்பு நிறுவனங்கள் இணையத்துடன் இணையும் இடங்களில் இவ்வமைப்பு உணரிகளைப் பொருத்தி, போக்குவரத்தை ஒரே இடத்தில் இருந்து கவனிக்கிறது. 2023 இல் இத்தகைய உணரிகள் 270 இருந்தன.

2023 ஏப்ரல் 25 அன்று, தைவான் நாட்டின் சைக்செல் நிறுவனம் தன் தீச்சுவர்களில் உள்ள பாதுகாப்பு ஓட்டை ஒன்றை அறிவித்தது. சி.வி.இ-2023-28771 என எண்ணிடப்பட்ட இதற்குக் கடுமை அளவில் பத்துக்கு 9.8 வழங்கப்பட்டது. கடவுச்சொல் எதுவும் இன்றி, யு.டி.பி. 500 ஆம் துறைக்கு ஒரேயொரு தரவுப் பொதியை அனுப்பித் தீச்சுவரைக் கைப்பற்ற இயலும். காவலுக்கு நிறுத்தப்பட்ட கருவியே இங்கு வாயிலானது. டென்மார்க்கின் பல நிறுவனங்கள் கட்டுப்பாட்டு அமைப்புகளின் முன் இத்தீச்சுவர்களையே வைத்திருந்தன. மே 1 அன்று செக்டர்செர்ட் தன் உறுப்பினர்களை உடனே இற்றைப்படுத்துமாறு எச்சரித்தது.

மே 11 அன்று 16 நிறுவனங்கள் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. அவற்றுள் 11 நிறுவனங்களின் தீச்சுவர்கள் உடனே வீழ்ந்தன. தாக்கியோர் அவற்றின் அமைவுகளையும் பயனர் பெயர்களையும் எடுத்துச் சென்றனர். எந்த நிறுவனத்தில் இக்கருவி உள்ளது என்பதை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர். தவறான இலக்கு ஒன்றுகூடத் தாக்கப்படவில்லை. இணையத்தில் உள்ள கருவிகளைப் பட்டியலிடும் ஷோடான் போன்ற தளங்களில் இத்தகவல் கிடைக்காது என்பதால் இது பலரை வியக்க வைத்தது.

ஒவ்வொரு நிறுவனமும் தனித்திருந்தால், தன் வாயிலில் வந்த ஒற்றைத் தரவுப் பொதியையே கண்டிருக்கும். அதையும் கண்டிருக்குமா என்பது ஐயமே. பதினாறு இடங்களில் ஒரே நேரத்தில் ஒரே வகைப் பொதி வந்தது என்பதைப் பொது உணரி வலையமைப்பு மட்டுமே காண முடிந்தது. அன்று இரவுக்குள் பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் அனைத்தும் காக்கப்பட்டன.

மே 22 இல் இரண்டாம் அலை தொடங்கியது. இம்முறை, உற்பத்தியாளர் அதுவரை அறிவிக்காத ஓட்டைகள் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என செக்டர்செர்ட் கருதியது. சைக்செல் மே 24 அன்று மேலும் இரண்டு ஓட்டைகளை வெளியிட்டது. கைப்பற்றப்பட்ட சில தீச்சுவர்கள் மிராய் வகைத் தீம்பொருளால் அமெரிக்காவிலும் ஹொங்கொங்கிலும் உள்ள இலக்குகளைத் தாக்கப் பயன்படுத்தப்பட்டன. பல நிறுவனங்கள் இணையத் தொடர்பை முழுவதும் துண்டித்துத் 'தீவு நிலை' எனப்படும் நிலைக்குச் சென்றன. ஒரு நிறுவனம் தொலைவில் உள்ள மூன்று நிலையங்களின் கண்காணிப்பை இழந்து, பணியாளர்களை நேரில் அனுப்பிக் கையால் இயக்கியது. மொத்தத்தில் 22 நிறுவனங்கள் ஊடுருவப்பட்டன.

எச்சரிக்கை வந்து பத்து நாட்கள் கடந்தும் இற்றைப்படுத்தாமைக்கு உறுப்பினர்கள் கூறிய காரணங்களே செக்டர்செர்ட் அறிக்கையில் மிகவும் கவனிக்கத்தக்க பகுதியாகும். தீச்சுவர் புதிதாக வாங்கியது, ஆகவே அதில் அண்மைய மென்பொருளே இருக்கும் எனச் சிலர் எண்ணினர். இற்றைப்படுத்துவது விற்பனையாளரின் பொறுப்பு எனச் சிலர் தவறாகக் கருதினர். மென்பொருள் இலவசம் என்றாலும் அதனை ஏற்றித்தர விற்பனையாளர் கட்டணம் கேட்டதால் சிலர் தெரிந்தே தவிர்த்தனர். வேறு சிலருக்குத் தம்மிடம் அக்கருவி இருப்பதே தெரியாது. ஏதோ ஒரு அமைப்பை நிறுவ வந்த ஒப்பந்ததாரர் அதனையும் சேர்த்துப் பொருத்திச் சென்றிருந்தார். இவற்றுள் எதுவும் நுட்பச் சிக்கல் அன்று. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இடையே பேசப்படாமல் விடப்பட்டவை.

தாக்கியோர் யார் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. உருசியப் படைத்துறை உளவுப்பிரிவுடன் தொடர்புபடுத்தப்படும் சாண்ட்வோர்ம் குழுவின் தடயம் ஒன்று காணப்பட்டதாக செக்டர்செர்ட் குறிப்பிட்டது. ஆயினும் அதனை உறுதியாகக் கூறவில்லை. இரு அலைகளும் தொடர்பற்றவை, இரண்டாவது இலக்கின்றி உலகெங்கும் நடந்த பரவல் தாக்குதலின் பகுதி என ஃபோர்ஸ்கௌட் நிறுவனம் 2024 சனவரியில் எழுதியது.

கூட்டுழைப்பின் வடிவங்கள்

தகவல் பகிர்வு

அமெரிக்க மின்துறைக்கான தகவல் பகிர்வு மையம் நெர்க் அமைப்பின் கீழ் இயங்குகிறது. மின்நிறுவனங்கள் தாம் கண்டவற்றை இங்கு அறிவிக்கின்றன. மையம் பெயர்களை நீக்கி மற்றவர்களுக்கு அனுப்புகிறது. இவ்வமைப்பு 2011 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிரிட்எக்ஸ் என்னும் ஒத்திகையை நடத்துகிறது. ஐரோப்பாவில் இதையொத்த மையம் உண்டு. மின்நிறுவனங்கள் மட்டுமன்றிக் கருவி உற்பத்தியாளர்களையும் ஒரே மேசையில் அமர்த்தும் ஏற்பாடுகளே வழங்கல் சங்கிலிக்குக் கூடுதல் பயன் தருவன.

பொது வினாப்பட்டியல்

முன்பு ஒவ்வொரு மின்நிறுவனமும் தனக்கெனப் பாதுகாப்பு வினாப்பட்டியல் ஒன்றை எழுதி விற்பனையாளர்களுக்கு அனுப்பியது. ஒரே உற்பத்தியாளர் ஒரே கேள்விக்குப் பல வடிவங்களில் பலமுறை விடை எழுத வேண்டியிருந்தது. வட அமெரிக்க மின்செலுத்தல் மன்றம், விற்பனையாளர்களையும் சேர்த்துக்கொண்டு, பொதுவான அளவுகோல்களையும் வினாப்பட்டியலையும் உருவாக்கியது. ஒருமுறை எழுதிய விடையைப் பல வாங்குநர்கள் பயன்படுத்தலாம். இவ்வேற்பாட்டால் சிறு மின்நிறுவனங்கள் அதிகம் பயன்பெற்றன. அவை கேட்க அறியாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெற்றன.

கூட்டு ஆய்வகங்கள்

அமெரிக்க ஆற்றல் திணைக்களத்தின் சைட்ரிக்ஸ் திட்டம் ஐடகோ தேசிய ஆய்வகத்தின் தலைமையில் நடைபெறுகிறது. உற்பத்தியாளர்கள் தாமாக முன்வந்து ஒப்பந்தம் செய்து தம் கருவிகளை ஆய்வகங்களிடம் ஒப்படைக்கின்றனர். ஷ்னைடர் எலக்ட்ரிக், ஹிட்டாச்சி எனர்ஜி, ஷ்வைட்சர் பொறியியல் ஆய்வகங்கள் முதலிய நிறுவனங்கள் இதில் சேர்ந்துள்ளன. ஆய்வகம் கருவியைப் பிரித்து, உள்ளே உள்ள சில்லுகளையும் நிரல் கூறுகளையும் பட்டியலிட்டு, ஓட்டைகளைத் தேடுகிறது. கண்டவை முதலில் உற்பத்தியாளருக்கே தெரிவிக்கப்படும். சரிசெய்தபின் பயனர்களுக்கு அறிவிக்கப்படும். ஒரு மின்வாரியம் ஒவ்வொரு ரிலேயையும் தானே பிரித்துப் பார்ப்பது நடவாது என்பதால் இம்முறை செலவைப் பொதுவாக்குகிறது.

மென்பொருள் உட்கூறுப் பட்டியல்

உணவுப் பொட்டலத்தின் மேல் சேர்மானங்களை அச்சிடுவது போல, ஒரு மென்பொருளுக்குள் உள்ள பிற நிரல்களின் பெயர், பதிப்பு, எழுதியவர் ஆகியவற்றைக் கூறும் கோப்பு இதுவாகும். 2021 மே 12 இல் வெளியான அமெரிக்க அதிபரின் 14028 ஆம் நிறைவேற்று ஆணை இதற்கு வேகம் கொடுத்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்னும் திறந்த மூல நிரலில் கடும் ஓட்டை வெளிப்பட்டபோது இதன் தேவை தெளிவாகியது. அந்நிரல் எந்தெந்தப் பொருட்களுக்குள் ஒளிந்துள்ளது என்பதற்கு உற்பத்தியாளர்களிடமே உடனடி விடை இல்லை. மென்பொருள் எழுதுவோர் அனைவரும் அறிந்த ஒன்றையும் இங்குச் சொல்லவேண்டும். பட்டியல் தயாரிப்பது எளிது. ஒவ்வொரு பதிப்புக்கும் அதனைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பது கடினம். பெற்றவர் அதனைத் தன் கருவி இருப்புடன் ஒப்பிடாவிட்டால் அது வெறும் கோப்பாகவே இருக்கும்.

பொதுக் கொள்கைகள்

2024 சூனில் ஜி7 நாடுகள் ஆற்றல்துறைக்கான வழங்கல் சங்கிலிப் பாதுகாப்புக்குப் பொதுச் சட்டகம் அமைக்க உடன்பட்டன. அமெரிக்க ஆற்றல் திணைக்களம் அப்போது வெளியிட்ட கொள்கைகள் உற்பத்தியாளர்களுக்குப் பத்து, பயன்படுத்துவோருக்குப் பத்து என இணையாக எழுதப்பட்டுள்ளன. சீமென்ஸ், ராக்வெல், ஹனிவெல் உள்ளிட்ட பெரிய நிறுவனங்கள் ஆதரவு தெரிவித்தன. இவை கட்டாயமல்ல.

சட்டங்களும் விதிகளும்

அமெரிக்கக் கூட்டாட்சி ஆற்றல் ஒழுங்குமுறை ஆணையம் 2016 சூலையில் வழங்கல் சங்கிலிக்குத் தனித் தரம் வகுக்குமாறு நெர்க் அமைப்பைப் பணித்தது. சி.ஐ.பி-013 எனப்படும் அத்தரம் 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கும்போது ஆறு பொருட்களை மின்நிறுவனம் திட்டமிட வேண்டும் என்பது இதன் மையம் ஆகும். விற்பனையாளர் தன்னிடம் நேர்ந்த பாதுகாப்பு நிகழ்வுகளைத் தெரிவித்தல், அவற்றை இருவரும் சேர்ந்து எதிர்கொள்ளல், விற்பனையாளரின் பணியாளருக்கு இனி அணுக்கம் கூடாதெனில் அறிவித்தல், அறிந்த ஓட்டைகளை வெளிப்படுத்தல், மென்பொருள் மெய்யானதா எனச் சரிபார்த்தல், விற்பனையாளரின் தொலை அணுக்கத்தைக் கட்டுப்படுத்தல் என்பன அவை. ஆறில் பெரும்பான்மை விற்பனையாளரின் ஒத்துழைப்பின்றி நிறைவேறாதவை. ஆயினும் ஆணையத்தின் அதிகாரம் மின்நிறுவனங்கள் மீது மட்டுமே உண்டு, விற்பனையாளர் மீது இல்லை. 2018 இல் வெளியான ஒரு வழக்கில், ஒப்பந்ததாரர் ஒருவர் மின்நிறுவனத்தின் கருவித் தகவல்களைப் பாதுகாப்பற்ற சர்வரில் 70 நாட்கள் இணையத்தில் திறந்து வைத்திருந்தார். 27 இலட்சம் டாலர் தண்டத்தை ஏற்றது மின்நிறுவனமே.

ஐரோப்பிய ஒன்றியம் உற்பத்தியாளரையும் பிணைக்கும் வழியைத் தேர்ந்தது. 2022 இன் நிஸ்2 பணிப்புரை நிறுவனங்கள் தம் வழங்குநர்களின் பாதுகாப்பைக் கவனிக்கக் கட்டாயப்படுத்துகிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த கணினி மீள்திறன் சட்டம், ஐரோப்பாவில் விற்கப்படும் மென்பொருளும் கருவியும் பாதுகாப்பாக வடிவமைக்கப்பட்டு, குறித்த காலத்துக்கு ஆதரிக்கப்பட வேண்டும் என்கிறது. இதன் பெரும்பகுதி 2027 டிசம்பர் 11 முதல் பொருந்தும்.

இந்தியாவில், இறக்குமதியாகும் மின்கருவிகளைத் தீம்பொருளுக்காகச் சோதிக்க வேண்டும் என மின்துறை அமைச்சகம் 2020 சூலை 2 அன்று ஆணையிட்டது. மத்திய மின் ஆணையம் 2021 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், மின்வாரியங்களுடன் கருவி உற்பத்தியாளர்கள், விற்பனையாளர்கள், அமைப்பு ஒருங்கிணைப்பாளர்கள் ஆகியோரையும் குறிப்பிட்டு, நம்பகமான மூலத்தில் இருந்தே வாங்குமாறு கூறுகின்றன. அனல், நீர், மின்செலுத்தல், பகிர்வு எனப் பிரிவுக்கு ஒன்றாகக் கணினி அவசரநிலைக் குழுக்களும் உள்ளன.

சிக்கல்கள்

கூட்டுழைப்புக்கு முதல் தடை அச்சமாகும். தன்னிடம் நேர்ந்த ஊடுருவலை அறிவிக்கும் நிறுவனம், அதே அறிவிப்பின்பேரில் தண்டிக்கப்படலாம் எனக் கருதுகிறது. போட்டி நிறுவனங்கள் கூடிப் பேசுவது போட்டிச் சட்டத்தை மீறுமோ என்ற ஐயமும் உண்டு. இவற்றைப் போக்க அமெரிக்காவில் 2015 இல் இயற்றப்பட்ட தகவல் பகிர்வுச் சட்டம், நல்லெண்ணத்துடன் பகிர்வோருக்குப் பாதுகாப்பு அளித்தது. அது 2025 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகி, நவம்பரில் குறுகிய கால நீட்டிப்புப் பெற்றது.

இரண்டாவது, நாடுகளுக்கிடையேயான நம்பிக்கையின்மை. வெளிநாட்டுக் கருவிகளைத் தடைசெய்ய அமெரிக்கா 2020 மே மாதம் பிறப்பித்த ஆணை அடுத்த ஆண்டே நிறுத்திவைக்கப்பட்டது. லித்துவேனியா 2024 இல் இயற்றிய சட்டம், 100 கிலோவாட்டுக்கு மேற்பட்ட சூரிய, காற்று, சேமிப்பு நிலையங்களைச் சீனாவில் இருந்து தொலைவழி இயக்குவதைத் தடுக்கிறது. பிறந்த நாட்டைக்கொண்டு விலக்குவது எளிய அளவுகோல்தான். ஆனால் ஹேவெக்ஸ், சோலார்விண்ட்ஸ் ஆகிய இரண்டிலும் தாக்குதல் வந்தது ஐயத்துக்குரிய நாட்டின் பொருளில் இருந்தன்று, நட்பு நாட்டு நிறுவனங்களின் முறையான மென்பொருளில் இருந்தே.

மூன்றாவது, பழைய கருவிகள். சி.ஐ.பி-013 புதிதாக வாங்குவதற்கே பொருந்தும். ஏற்கனவே உள்ள ஒப்பந்தங்களைத் திருத்துமாறு அது கோரவில்லை. பணியில் உள்ள கருவிகளில் பெரும்பகுதி அதற்கு முன் வாங்கப்பட்டவை. அவற்றை விற்ற நிறுவனம் இன்று அதே பெயரில் இல்லாமலும் போகலாம். எடுத்துக்காட்டாக, ஏபிபி நிறுவனத்தின் மின்கட்டமைப்புப் பிரிவு 2020 இல் ஹிட்டாச்சியின் கைக்குச் சென்று, 2021 இல் ஹிட்டாச்சி எனர்ஜி எனப் பெயர் மாறியது. ஏபிபி என்ற பெயர்ப்பலகையுடன் துணைமின் நிலையங்களில் நிற்கும் தொலை முனையக் கருவிகளுக்கான பாதுகாப்பு அறிவிப்புகள் இப்போது ஹிட்டாச்சி எனர்ஜியிடம் இருந்தே வருகின்றன. பெயர்ப்பலகையை மட்டும் பார்த்துப் பட்டியல் வைத்திருக்கும் மின்நிறுவனத்துக்கு அவை சென்று சேர்வதில்லை.